‘அபராத’ என்றால் அபராதம் அன்று

“‘அபராத ஒப்கொள்த்தீரா?’ன்னு கேட்டாங்க. ‘ஆமா சார்’னேன். அவ்ளோதான் தம்பி. பத்தாயிரம் கட்டிட்டு வண்டிய எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.”

சொன்னவர் எங்கள் மாவட்டத்துக்காரர். பதினான்கு ஆண்டுகளாகப் பெங்களூரில் மஞ்சள் பலகை வண்டி ஓட்டுகிறார். குடியிருப்பது விவேக்நகர்ப் பக்கம். பெயர் வேண்டாம், ‘அண்ணன்’ என்றே எழுதுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கன்னடத்தில் அச்சிட்ட கடிதமொன்றை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். “மொழி படிக்கிற புள்ளதானே நீ, இதப் படிச்சுச் சொல்லு” என்றார். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் கடிதம் அது. மதுபோதையில் வாகனம் ஓட்டியதற்காக உங்கள் ஓட்டுநர் உரிமத்தை ஏன் நிறுத்திவைக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். படித்துச் சொன்னதும் அவர் கேட்ட கேள்வி: “அபராதந்தான் கட்டியாச்சே, இன்னும் எதுக்கு?”

இந்தப் பதிவு முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கில் வழக்கறிஞரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றி ஒரு மொழியியல் மாணவன் எழுதுவது விந்தையாகத் தோன்றலாம். எனக்கும் அந்தக் காலையில்தான் உறைத்தது, இது பாதி மொழிச் சிக்கல் என்று.

‘அபராத’ என்பது வடசொல். அதன் பொருள் குற்றம். கன்னடமும் மலையாளமும் அப்பொருளை இன்றுவரை காத்துவருகின்றன. தெலுங்கில் ‘அபராதம்’ குற்றம். ‘அபராத ருசுமு’ என்றால் தாமதத்துக்கோ தவறுக்கோ கட்டும் தொகை. தமிழிலும் பழைய வழக்கில் அது குற்றமாகத்தான் இருந்தது. கோயில் சார்ந்த பேச்சில் ‘அபராத க்ஷமாபணம்’ என்னும்போது பணத்தை யாரும் நினைப்பதில்லை, பிழைபொறுக்கவே வேண்டுகிறார்கள். ஆனால் அன்றாடத் தமிழில் அச்சொல் நகர்ந்துவிட்டது. ஏறத்தாழ ஆகுபெயரைப் போன்றதொரு நகர்வு: குற்றத்தின் பெயர் குற்றத்தின் விலைக்கு ஆகிவந்தது. இன்று தமிழர் யாரிடம் ‘அபராதம்’ என்றாலும் அவர் கை சட்டைப்பைக்குத்தான் போகும். கன்னடத்தில் அந்தத் தொகைக்குப் பெயர் ‘தண்ட’. நாமோ ‘தண்டம் அழுதேன்’ என்று வீண்செலவைச் சொல்கிறோம். அங்கே ‘சிக்ஷெ’ என்றால் தண்டனை. நமக்கு அதன் காதுவழி உறவு கல்வியோடு. சட்டம் சார்ந்த சொற்கள் இரண்டு மொழிகளுக்கும் பொதுவாக இருப்பது அண்டை வீட்டார் ஒரே சாவிக்கொத்தைப் பயன்படுத்துவதைப் போன்றது. பூட்டு எது என்பதில்தான் தகராறு.

ஆக, அண்ணனிடம் கேட்கப்பட்டது ‘குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?’. அவர் கேட்டுக்கொண்டது ‘அபராதம் கட்டச் சம்மதமா?’. இரண்டுக்கும் அவர் சொன்ன விடை ஒன்றே.

இங்கே நான் நீதிமன்றத்தைக் குறை சொல்லவில்லை. கேட்கவேண்டிய கேள்வியை, அம்மன்றத்தின் மொழியில், முறையாகவே கேட்டார்கள். கர்நாடகத்தின் கீழமை நீதிமன்றங்களின் மொழி கன்னடம். அதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. பெங்களூரின் குற்றவியல் நடுவர் நீதிமன்றங்கள் பல இருக்கும் சாலைக்குப் பெயர் நிருபதுங்கா சாலை. கன்னடத்தில் இன்று கிடைக்கும் மிகப் பழைய நூலான ‘கவிராஜமார்க்கம்’ ஒன்பதாம் நூற்றாண்டில் எழுந்தது அந்த மன்னனின் அவையில்தான். காவிரி முதல் கோதாவரி வரை கன்னட நாடு என்று எல்லை வகுத்த நூல் அது. அந்தச் சாலையில் கன்னடம் ஒலிக்காமல் வேறெங்கே ஒலிக்கும்? சிக்கல் வேறு. அண்ணனுக்குக் கன்னடமே தெரியாமல் இருந்திருந்தால் அவர் விழித்திருப்பார், யாரையாவது மொழிபெயர்க்கச் சொல்லியிருப்பார்கள். அவருக்கோ பதினான்கு ஆண்டுக் கன்னடம் தெரியும். வாடகை பேசுவார், வழி கேட்பார், போக்குவரத்துக் காவலரிடம் கெஞ்சுவார். தெரியாத மொழியைவிட முக்கால்வாசி தெரிந்த மொழி ஆபத்தானது என்பதை என் ஆய்வு எனக்குக் கற்பிக்கவில்லை. அவருடைய கடிதம் கற்பித்தது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடன் ஓட்டும் ஒருவர் ஊர் திரும்புகிறார் என்று வழியனுப்பு விருந்து. குடித்தார். இரவு பதினொன்றரை மணிக்குத் தடுப்பு வைத்து நிறுத்தினார்கள். ஊதச் சொன்னார்கள். கருவி 64 காட்டியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு வகுக்கும் எல்லை 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம். வண்டியைப் பிடித்துவைத்தார்கள், உரிமத்தை வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுத்தார்கள். நீதிமன்றத்துக்குப் போன அன்று வாசலிலேயே ஒருவர் வந்து தோளில் கைபோட்டார். தமிழில் பேசினார். “சஸ்பென்ஷன் வராம நான் பாத்துக்கறேன், ஒத்துக்கிட்டுப் போயிடுங்க” என்று 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். ரசீது இல்லை. இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தபோது அவருடைய தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது. அவர் வழக்கறிஞர்தானா என்பதே அண்ணனுக்குத் தெரியாது. “வெள்ளச் சட்ட போட்டிருந்தாரு” என்றார்.

இப்போது அந்த ‘ஆமா சார்’ சட்டத்தில் என்னவாகிறது என்று பார்ப்போம். முதல் முறை இக்குற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்கு முன்பு ‘2,000 ரூபாய் வரை’ என்றிருந்தது. இன்றைய வாசகத்தில் ‘வரை’ இல்லை; 10,000 என்றால் 10,000. இரண்டாம் முறை என்றால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். சிவப்பு விளக்கைத் தாண்டியதற்குச் சாலையிலேயே பணம் கட்டி முடிப்பதைப் போல இதைக் காவலரிடம் கட்டி முடிக்கச் சட்டம் இடம் தரவில்லை; நீதிமன்றத்துக்குப் போயே ஆகவேண்டும். அங்கே ஒப்புக்கொண்டால் அது பணம் கட்டிய கணக்கு அன்று, குற்றத் தீர்ப்பு. தானே ஒப்புக்கொண்டதன் பேரில் தண்டிக்கப்பட்டவருக்கு மேல்முறையீடு ஏறத்தாழ மூடிய கதவு. தண்டனையின் அளவைப் பற்றியும் அதன் சட்டப் பொருத்தத்தைப் பற்றியும் மட்டும் பேசலாம்.

உரிமம் தனிப் பாதையில் போகிறது. காவலர் கைப்பற்றிய உரிமத்தைப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும் என்று அதே திருத்தம் 206ஆம் பிரிவில் சேர்த்தது. அந்த அலுவலர் 19ஆம் பிரிவின்படி, உரியவரின் விளக்கத்தைக் கேட்ட பிறகு, உரிமத்தை நிறுத்திவைக்கலாம். உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, குடித்து ஓட்டியவரின் உரிமத்தைக் குறைந்தது 3 மாதம் நிறுத்திவைக்க வேண்டுமென்று மாநிலங்களுக்கு 2015இலேயே அறிவுறுத்தியிருக்கிறது. நடுவர் மன்றத்தில் கட்டிய 10,000 ரூபாய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. வாசலில் 6,000 வாங்கியவருக்கோ இதில் கைவைக்கவே இயலாது.

இன்னொன்று. உரிமத்தை வாங்கிக்கொண்டு தரும் சீட்டு, வண்டி ஓட்டுவதற்கான அனுமதி ஆகாது என்று அதே 206ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. அண்ணன் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் நாள்தோறும் சவாரி ஏற்றியிருக்கிறார். விமான நிலையம் வரைக்கும் போயிருக்கிறார். அந்த இரண்டு மாதத்தில் எங்கேனும் ஒரு சிறு மோதல் நேர்ந்திருந்தால், யார் மேல் பிழையாயினும், அவர் கதி என்ன என்று எண்ணிப் பார்க்கவே எனக்கு அச்சமாக இருந்தது. இதை அவரிடம் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. 6,000 ரூபாய் கொடுத்தும் இருக்கவில்லை.

நண்பர்கள் சிலரிடம் இதைச் சொன்னபோது, “பத்தாயிரம் ரூபாய் வழக்குக்கு வக்கீல் எதற்கு?” என்றார்கள். நியாயமான கேள்விதான். நாட்கூலிக்காரர் கணக்குப் போட்டால் வழக்கறிஞர் கட்டணம், இழந்த நாட்களின் வருமானம், மறு வாய்தா என எல்லாம் சேர்ந்து 10,000த்தைத் தாண்டிவிடும், ஒப்புக்கொள்வதே மலிவு. ஆனால் இந்தக் கணக்கே ‘அபராதம்’ என்னும் சொல்லின் தமிழ்ப் பொருளிலிருந்து பிறந்தது. குற்றத்துக்கு விலை 10,000 என்று வைத்துக்கொண்டால்தான் 10,000க்குள் வழக்கறிஞரை அடக்கவேண்டியிருக்கிறது. வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு அதன் விலை மூன்று மாதச் சோறு.

வேறு சிலர் கேட்டது எதிர்ப்பக்கக் கேள்வி: குடித்துவிட்டு ஓட்டியவனுக்கு வழக்கறிஞரைத் தேடித் தருவது எப்படி அறமாகும்? 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். குடித்து ஓட்டுபவர்மேல் எனக்கும் இரக்கமில்லை. இதை அண்ணனின் முகத்துக்கு நேரேயே சொன்னேன், அவரும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். ஆனால் இக்கேள்வியைக் கேட்பவர்களின் மனத்தில் ‘வழக்கறிஞர்’ என்றால் தப்பவைப்பவர் என்று பதிந்திருக்கிறது. அந்தப் படிமம் எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். 1999 ஜனவரி 10 அன்று தில்லி லோதி சாலைப் பகுதியில் சஞ்சீவ் நந்தா ஓட்டிய பி.எம்.டபிள்யூ மோதி ஆறு பேர் இறந்தார்கள். அவர்களுள் மூவர் காவலர்கள். இந்நாட்டில் பணத்துக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய வழக்கறிஞர்களை அமர்த்திய வழக்கு அது. 2007இல் என்.டி.டி.வி. மறைகாணொளி ஒன்றை ஒளிபரப்பியது. அதன் அடிப்படையில், சாட்சியை வளைக்க முயன்றதாக, எதிர்த்தரப்பு மூத்த வழக்கறிஞர் ஆர்.கே. ஆனந்தை நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்று தில்லி உயர் நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றமும் 2009இல் அதை உறுதிசெய்தது. எல்லோருக்கும் தெரிந்த பெரிய பெயரைத் தேர்ந்தெடுத்ததால் அந்தக் கட்சிக்காரருக்கு நேர்ந்தது இரண்டாவது ஊழல். வழக்கு 2012 வரை இழுத்தது, கடைசியில் குற்றம் உறுதியாயிற்று. 2024இல் புனே கல்யாணி நகரில் போர்ஷே மோதி இருவர் இறந்த வழக்கில், இரத்த மாதிரியை மாற்றியதாக மருத்துவர்களே கைதானதும் நினைவிருக்கும்.

ஆகவே ‘யார் காப்பாற்றுவார்?’ என்று தேடத் தொடங்கினாலே தவறான இடத்தில்தான் போய் நிற்போம். மேலே தில்லி, கீழே நீதிமன்ற வாசல். விலைதான் வேறு.

இங்கே நம் நாட்டின் ஒரு தனித்தன்மையையும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் 1977இல் அரிசோனா மாநில வழக்கொன்றின் தீர்ப்புக்குப் பிறகு வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யலாம் என்றாயிற்று. குடிபோதை வழக்குகளுக்கென்றே தனி அலுவலகங்கள், நெடுஞ்சாலையோரப் பலகைகள், தொலைபேசி எண்கள். இங்கே இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 36ஆம் விதி, வேலை தேடி விளம்பரம் செய்வதையும், தரகர் வைத்து ஆள் பிடிப்பதையும் தடுக்கிறது. பெயர், முகவரி, தொலைபேசி, பதிவு எண், படிப்பு, எந்தத் துறை என்பனவற்றை மட்டும் இணையதளத்தில் இடலாம். வழக்கறிஞர்களைப் பட்டியலிட்டு விற்கும் இணையத்தளங்களின்மேல் நடவடிக்கை எடுக்குமாறு 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கறிஞர் மன்றத்துக்கு உத்தரவிட்டது. இந்தத் தடையை நான் ஆதரிக்கிறேன். வழக்கறிஞர் தொழில் சோப்பு விற்பது அன்று. ஆயினும் அதன் நிழல்விளைவு ஒன்று உண்டு. நேர்மையான வழக்கறிஞர் நம்மைத் தேடி வரமாட்டார். ஆகவே நம்மைத் தேடி வருபவர் யாரென்று தனியே சொல்லவேண்டியதில்லை. தரகு வேலையைத் தண்டிக்க 2023இல் வழக்கறிஞர் சட்டத்தைத் திருத்தினார்கள்: 3 மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஐந்நூறு. வாசலில் ஆறாயிரம் வாங்குபவர் இதைக் கேட்டால் சிரிப்பார்.

பிறகு எப்படித்தான் தேர்ந்தெடுப்பது? நான் சட்டம் படித்தவன் அல்லன். அண்ணனோடு மூன்று அலுவலகங்களுக்கு ஏறி இறங்கியதில் என் காதில் பட்டதைச் சொல்கிறேன். முதல் இடத்தில், “வேல முடிஞ்சா மீதிப் பணம் குடுங்க” என்றார்கள். கேட்க ஆறுதலாக இருந்தது. ஆனால் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக் கூடாது என்பது வழக்கறிஞர்களுக்கான விதி. தன் தொழிலின் விதியையே முதல் ஐந்து நிமிடத்தில் மீறுபவர் நம் வழக்கில் எதைக் காப்பார்? இரண்டாம் இடத்தில் எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், அந்த வழக்கறிஞர் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த சுவரைப் பார்த்தார்.

மூன்றாமவர் ஒரு பெண். கன்னடத்தவர், அலசூரில் வளர்ந்ததால் தமிழ் சரளமாக வருகிறது. கோப்பைக் கையில் வாங்குமுன் அவர் கேட்டது: “அந்தச் சீட்ட வச்சிக்கிட்டு இன்னும் வண்டி ஓட்டறீங்களா?” “ஆமாம்மா.” “இன்னிலேருந்து நிறுத்துங்க. அப்புறந்தான் மத்ததெல்லாம்.” பிறகு கருவி அச்சிட்ட தாளைக் கேட்டார். நேரம், கருவியின் எண், அளவு, கையொப்பம் என ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். அன்று கைது செய்தார்களா, மருத்துவரிடம் கொண்டுபோனார்களா என்று கேட்டார். 185இல் கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தவேண்டும், இல்லையேல் விடுவிக்கவேண்டும் என்று 202ஆம் பிரிவு சொல்கிறதாம். எல்லாம் பார்த்துவிட்டு அவர் சொன்னதுதான் நான் கேட்ட மிகச் சிறந்த சட்ட ஆலோசனை: “நீங்க மொதல்ல எங்கிட்ட வந்திருந்தாலும் ஒத்துக்கோங்கன்னுதான் சொல்லியிருப்பேன். அறுபத்திநாலுக்கு வாதாட ஒண்ணுமில்ல. ஆனா எதுக்கு ஒத்துக்கறீங்கன்னு சொல்லியிருப்பேன்.”

கட்டணம் 2,500 ரூபாய் என்றார். கேட்காமலே ரசீது எழுதினார். வக்காலத்தில் தன் பதிவு எண்ணைக் காட்டினார்.

என் துறை சார்ந்த இன்னொன்றும் அந்த அறையில் பேச்சில் வந்தது. மருத்துவப் பரிசோதனைத் தாள்களில் மூச்சில் மணம், நடை, கண்பாவை ஆகியவற்றோடு ‘பேச்சு’ என்றொரு கட்டமும் இருக்கும்: தெளிவு, அல்லது குழறல். கருவியோ இரத்தப் பரிசோதனையோ இல்லாத வழக்குகளில் இந்தக் கட்டம் கனம் பெறுகிறது. மகாராஷ்டிர வழக்கொன்றில், இரத்தமும் சிறுநீரும் சோதிக்கப்படாதபோது, மணம், தள்ளாட்டம், குழறல், விரிந்த கண்பாவை என்பவற்றை மட்டும் வைத்துக் குடித்திருந்தார் என முடிவுகட்ட இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1971இலேயே கூறியது. ஒலியியல் அதை ஆதரிக்கும். 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் எண்ணெய்க் கப்பல் தரைதட்டியபோது, தலைவர் குடித்திருந்தாரா என்பதை அவருடைய வானொலிப் பேச்சுப் பதிவுகளிலிருந்து அறிய முடியுமா என்று கீத் ஜான்சன், டேவிட் பிசோனி முதலியோர் ஆராய்ந்து 1990இல் வெளியிட்டார்கள். பேச்சு மெதுவானதும் ஒலிகள் பிறழ்ந்ததும் தெரிந்தன. எனினும் களைப்பையும் அதிர்ச்சியையும் முற்றிலும் விலக்க முடியவில்லை. கப்பல் தலைவரை அந்தக் குறிப்பிட்ட குற்றச்சாட்டிலிருந்து நடுவர் குழு விடுவித்தது. அவர்களிடமாவது ஒப்பிட்டுப் பார்க்க அதே மனிதர் அதே மொழியில் முந்தைய நாள் பேசிய பேச்சு இருந்தது. நள்ளிரவில் ஒரு தமிழ் ஓட்டுநர் காவலர் முன் நின்று கன்னடத்தில் தடுமாறுவதை எதனோடு ஒப்பிடுவது? நான் பகலில், தெளிவான புத்தியோடு, வீட்டு உரிமையாளரிடம் பேசும் கன்னடத்தைக் கேட்டாலே பாதிப் பேர் ‘குழறல்’ என்று எழுதிவிடுவார்கள்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1990இல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த இத்தகைய வழக்கொன்றில் ஒரு நுட்பமான கோடு கிழித்தது. பிடிபட்டவரிடம் காவலர் கேட்டார்: உன் ஆறாவது பிறந்தநாள் எந்தத் தேதியில் வந்தது? அவரால் சொல்ல முடியவில்லை. அவர் எப்படிப் பேசினார் என்பது உடல்சார்ந்த சான்று, அதைப் பயன்படுத்தலாம்; ஆனால் அக்கேள்விக்கு என்ன சொன்னார் என்பது வாக்குமூலம், உரிமைகளை எடுத்துச் சொல்லாமல் பெற்றிருந்தால் பயன்படுத்தக் கூடாது என்றது நீதிமன்றம். ஓசைக்கும் பொருளுக்கும் இடையிலான இந்த வேறுபாட்டை மொழியியலின் முதல் பருவத்தில் எங்களுக்குச் சொல்லித்தருவார்கள். அது ஒருவருடைய விடுதலையைத் தீர்மானிக்கும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

நம் சட்டத்திலும் இதற்கு இணையாக அழகிய ஓர் இடம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 275ஆம் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 252ஆக இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால், இயன்றவரை அவர் பயன்படுத்திய சொற்களிலேயே அதை நடுவர் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது அது. ‘அவர் பயன்படுத்திய சொற்களிலேயே.’ இந்தத் தொடரை எழுதியவர் யாராயினும் அவருக்கு மொழியின்மேல் மரியாதை இருந்திருக்கிறது. அண்ணன் பயன்படுத்திய சொற்கள் இரண்டு: ‘ஆமா சார்’. அவை எந்தக் கேள்விக்கான விடை என்பது அவர் தலைக்குள் இருந்தது, பதிவேட்டில் இல்லை. அந்த இடைவெளியில் நிற்கக்கூடியவர் ஒருவர்தான். அவர் வழக்கறிஞர். நல்ல வழக்கறிஞர் வாதத்திறனில் சிறந்தவரா என்பதை நீங்களும் நானும் அளக்க இயலாது. நாம் விளங்கிக்கொள்ளும் மொழியில், நாம் வாய்திறப்பதற்கு முன், நாம் சொல்லப்போகும் சொல்லின் விலையைச் சொல்கிறாரா என்பதை அளக்கலாம். அதற்குச் சட்டப் படிப்பு தேவையில்லை. அவர் சொன்னதை உங்கள் சொற்களில் அவரிடமே திருப்பிச் சொல்லிப் பாருங்கள். “ஆமாம், அதேதான்” என்றால் சரி. எரிச்சல்பட்டால் எழுந்து வாருங்கள்.

கட்டணம் கொடுக்க இயலாதவர்கள் வாசலில் நிற்பவரிடம் போகவேண்டிய கட்டாயமில்லை. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், தொழிலாளர்கள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டம் இலவச வழக்கறிஞரை உரிமையாக்கியிருக்கிறது. தேசியச் சட்டப்பணிகள் ஆணையத்தின் உதவி எண் 15100. தமிழ் தெரிந்த வழக்கறிஞர் வேண்டுமென்று கேளுங்கள். கூச்சப்பட எதுவுமில்லை, இந்த நகரத்தில் தமிழ் பேசும் வழக்கறிஞர்களுக்குப் பஞ்சமில்லை.

அண்ணனின் விளக்கக் கடிதத்தை அந்த வழக்கறிஞர் கன்னடத்தில் எழுதினார். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிய பிறகே கையொப்பம் கேட்டார். குடித்ததை மறைக்கவில்லை. முதல் குற்றம், ஓட்டுவதே பிழைப்பு, இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். அலுவலர் பொறுமையாகக் கேட்டார். மூன்று மாதம் நிறுத்திவைத்தார். வேண்டுமானால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று வழக்கறிஞர் சொன்னார். அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார்.

நேற்றிரவு தொலைபேசியில் பேசினேன். கலாசிபாளையத்தில் ஒரு பார்சல் கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்குகிறார். இடுப்பு வலிக்கிறது என்றார். இன்னும் 41 நாள் இருக்கிறதாம்.